திருடு போன வண்டியும் காவல் நிலைய வாசலும்

இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் சாதி என்றொரு கட்டம் கிடையாது. பெயர், முகவரி, வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண், பிரீமியத் தொகை, அவ்வளவுதான். ஒரே மாடல் வண்டிக்குக் காலனியில் இருப்பவர் கட்டுவதும் ஊர்த்தெருவில் இருப்பவர் கட்டுவதும் ஒரே பிரீமியம்தான். ஆனால் வண்டி திருடு போய்விட்டால், அந்தப் பத்திரத்தைப் பணமாக்க நிறுவனம் கேட்கும் முதல் தாள் எஃப்.ஐ.ஆர். அது இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிடைக்காது, காவல் நிலையத்தில்தான் வாங்க வேண்டும். சாதியைக் கேட்காத பத்திரம், "எந்த ஊரு? ஊரா, காலனியா?" என்று கேட்கிற வாசலைத் தாண்டித்தான் பணமாகிறது.

தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆணவக்கொலை இருக்கிறது, பஞ்சமி நிலம் இருக்கிறது, மலக்குழி மரணம் இருக்கிறது, துணைத்திட்ட நிதி திருப்பிவிடப்படுவது இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் பைக் இன்ஷூரன்ஸ் ஒரு பிரச்சினையா, அது நடுத்தர வர்க்கத்துக் கவலை இல்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமாகத் தெரியும். அந்த வண்டியில் போகிறவர் யார் என்று பார்த்தால் அப்படித் தெரியாது.

விடியற்காலை நாலரை மணிக்குத் துப்புரவுப் பணிக்குப் போகிறவரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். அது. பேருந்தே வராத ஊரிலிருந்து கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாரின் வண்டி. படித்துக்கொண்டே உணவு டெலிவரி செய்கிற மாணவனின் வண்டி. மீன் விற்கிற அக்காவின் கூடை ஏறுகிற வண்டி. பெரும்பாலும் தவணையில் வாங்கியது. வண்டி திருடு போன மறுநாள் வேலை போகிறது. ஆனால் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரவேண்டிய தவணை தவறாமல் வருகிறது. வண்டி இல்லை என்பதற்காக ஃபைனான்ஸ்காரர் கடனை நிறுத்தமாட்டார். இல்லாத வண்டிக்கு இரண்டு வருடம் தவணை கட்டும் குடும்பம் அடுத்துக் கைவைப்பது பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில்தான். இதைப் பொருளாதாரப் பிரச்சினை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. நம் மக்களின் கையில் பொருள் சேர்வதே இங்கே பலருக்கு உறுத்தல். சைக்கிளில் ஏறி ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது என்று இறக்கிவிட்ட வரலாறு நமக்கு உண்டு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நுழைந்த காவல்துறை வீடு வீடாகத் தேடி நொறுக்கியது டி.வி., மின்விசிறி, தையல் எந்திரம் போன்ற பொருட்களை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளைக் கொளுத்தும் முன் உள்ளே இருந்ததைக் கொள்ளையடித்தார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வண்டி நமக்கு வெறும் வாகனமாக இருந்ததில்லை. அதை வாங்குவதற்குக் கொடுக்கிற கவனத்தைக் காப்பாற்றுவதற்கும் கொடுக்க வேண்டும்.

முதலில் பத்திரத்தைப் பிரித்துப் படிப்போம். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் வந்தது இது. ஷோரூமில் "அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறார்கள். பொய் இல்லை, பாதி உண்மை. தேர்டு பார்ட்டி என்பது நம் வண்டி மோதி அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு. நம் வண்டி திருடு போனால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. திருட்டுக்குப் பணம் தருவது ஓன் டேமேஜ் என்கிற பகுதி. ஷோரூமில் அதை வழக்கமாக ஒரு வருடத்துக்குத்தான் போடுகிறார்கள். இரண்டாம் வருடம் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லி யாரும் வீடு தேடி வருவதில்லை. போக்குவரத்துக் காவலரும் தேர்டு பார்ட்டி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதனால் மூன்றாம் வருடம் வண்டி போன பிறகுதான் பலருக்குத் தங்களிடம் திருட்டுக் காப்பீடே இல்லை என்பது தெரிகிறது. இதில் சாதி எங்கே என்று கேட்டால், பத்திரம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதில் இருக்கிறது என்பேன். அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒரு முந்தைய தலைமுறைப் பட்டதாரி இருக்கிற குடும்பங்கள் எவை, இல்லாத குடும்பங்கள் எவை என்பது நமக்குத் தெரியும்.

ஓன் டேமேஜ் இருந்தாலும் வாங்கிய விலை முழுவதும் வராது. பத்திரத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி மொத்தமாகப் போனால் அந்தத் தொகைதான் கணக்கு. ஒரு வருடம் தாண்டிய வண்டிக்கு 20 சதவீதம், இரண்டு வருடம் தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 என்று தேய்மானம் கழிப்பது வழக்கம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்களுக்குப் பாக்கி போகத்தான் மீதி நமக்கு. பிரீமியம் குறையும் என்று சொல்லி ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடும் ஏஜெண்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். நூறு, இருநூறு மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் இழக்கிற கணக்கு அது.

நம் பகுதிகளில் ஓடும் வண்டிகளில் நிறைய செகண்ட் ஹேண்ட். ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து, கையில் பணம், ஆர்.சி. பழைய பெயரிலேயே கிடக்கும். பெயர் மாற்றினால் செலவு, அலைச்சல், புரோக்கர். ஆனால் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும் ஓன் டேமேஜ் காப்பீடு தானாக நம் பெயருக்கு வந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு தானாக மாற்றித் தருவது தேர்டு பார்ட்டி பகுதியை மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. எனவே வண்டி வாங்கிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பெயரை மாற்ற வேண்டும். இதைத் தவறவிட்டால் பின்னால் எவ்வளவு போராடினாலும் வெல்வது கடினம்.

இப்போது அந்த வாசலுக்கு வருவோம்.

வண்டி திருடு போனது என்று புகார் கொடுத்தால் ஸ்டேஷன் ரைட்டர் முதலில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். "தேடிப் பார்க்குறோம், கிடைக்கலைன்னா எஃப்.ஐ.ஆர். போடலாம்" என்பார்கள். சில இடங்களில் "திருட்டுன்னு எழுதாதே, காணோம்னு எழுது" என்றும் சொல்வதுண்டு. திருட்டு வழக்குகளின் எண்ணிக்கை கூடினால் நிலையத்துக்குக் கெட்ட பெயர், அதுதான் காரணம். சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கான ரசீது மட்டுமே. அதை வைத்து இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தராது. "காணோம்" என்று எழுதிய புகாரை நீட்டினால், இது திருட்டே இல்லையே என்று சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு வழி திறந்துவிடுகிறது.

எல்லா மக்களையும்தானே இப்படி அலையவிடுகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஊர்க்காரர் ஒன்றியச் செயலாளரிடம் ஒரு போன் போடச் சொல்வார், வேலை முடியும். நம் ஆள் நிற்பார். நிற்கும்போது வேறு ஒரு கேள்வி வரும்: "வண்டி உன்னுதுதானா?" நம் இளைஞன் ஒரு நல்ல வண்டியில் போனால் வாகனச் சோதனையில் நிறுத்தி இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஊரில் ஒரு வண்டி காணாமல் போனால் முதலில் காலனிப் பையன்களைக் கூட்டிப் போய் விசாரிக்கிறார்கள். நம்மைத் திருடராகப் பார்த்துப் பழகிய கண்கள், திருட்டுக் கொடுத்தவராகப் பார்க்கத் தடுமாறுகின்றன. ஒரு தலித் புகார்தாரர் என்பது அந்த மேசைக்கு முன்னால் ஒரு புதிய உருவம். அந்த உருவத்தை அவர்கள் பழகிக்கொள்ளும்படி செய்வது அரசியல் வேலை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. வண்டித் திருட்டு அப்படிப்பட்ட குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று 193ஆம் பிரிவு சொல்கிறது. இது முக்கியம். ஏனென்றால் வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்று காவல்துறை தரும் "நான் ட்ரேசபிள்" சான்றிதழையும் நிறுவனம் கேட்கும். எஃப்.ஐ.ஆரோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களின் கிளெய்ம் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் தூங்குகிறது.

புகார் எழுதும்போது ஒரு விஷயத்தில் நம் கை நடுங்க வேண்டும். "யார் மேல சந்தேகம்?" என்று கேட்பார்கள். கண்ணால் பார்க்காத வரை அடையாளம் தெரியாத நபர் என்றுதான் எழுத வேண்டும். ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருக்கும் குடும்பத்தையோ, பழைய இரும்பு பொறுக்கும் பையனையோ காட்டிவிடுவது சுலபம். அந்தச் சுலபத்தின் விலை என்ன என்பதற்கு ராஜாகண்ணு இருக்கிறார். 1993இல் ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காக அழைத்துச் செல்லப்பட்ட அந்தக் குறவர் சமூகத்து மனிதர் காவலிலேயே கொல்லப்பட்டார். ‘ஜெய் பீம்’ பார்த்துக் கண்கலங்கிய நாம், நம் புகார் மனுவில் இன்னொரு ராஜாகண்ணுவின் பெயரை எழுதிக் கொடுக்கக் கூடாது. கிளெய்முக்குத் திருடன் பிடிபட வேண்டிய அவசியமே இல்லை. திருட்டு நடந்தது என்று பதிவானால் போதும்.

அடுத்தது நிறுவனம். அது ஒரு விசாரணையாளரை அனுப்பும். இரண்டு சாவியையும் கேட்கும். "ஏன் உடனே சொல்லவில்லை" என்று கேட்கும். நம் மக்கள் பலர் முதலில் ஸ்டேஷனில்தான் ஒரு மாதம் அலைகிறார்கள், இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதே பிறகுதான் தெரிகிறது. திருட்டு நடந்த அன்றே நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் பேசிப் பதிவு எண் வாங்கிவிடுவது நல்லது. ஆனால் தாமதமாகிவிட்டது என்பதற்காகவே கை கழுவ நிறுவனத்துக்கு உரிமை இல்லை. பஞ்சாபில் 2010இல் ஒருவரின் டிராக்டர் திருடு போனது. அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவானது. நிறுவனத்துக்குச் சொன்னது 52 நாள் கழித்து. அதைக் காட்டிக் கிளெய்மை மறுத்தார்கள். குர்ஷிந்தர் சிங் வழக்கு என்று அறியப்படும் அதில், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, காவல்துறைக்கு உடனே சொல்லித் திருட்டு உண்மை என்று ஆனபின் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணமாக்கி மறுக்க முடியாது என்றது. தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் தலைமை நீதிபதியான பி.ஆர். கவாய்.

2022 மே மாதம் தீர்ப்பான குர்மேல் சிங் வழக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். திருடு போன லாரியின் ஆர்.சி. சான்று நகலைக் கொண்டுவா என்றது நிறுவனம். திருட்டுப் புகாரால் விவரங்கள் முடக்கப்பட்டிருப்பதால் தர முடியாது என்றது ஆர்.டி.ஓ. அலுவலகம். காப்பீட்டாளரால் தரவே முடியாத ஆவணத்தைக் கேட்டு மறுப்பது சேவைக் குறைபாடு என்று கண்டித்த நீதிமன்றம், 12 லட்சம் ரூபாயை வட்டியோடு கொடுக்கச் சொன்னது. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய ஓட்டுநர் தொடர்பான அசோக் குமார் வழக்கில் (2023), முழுவதும் மறுக்காமல் 75 சதவீதம் தரச் சொன்னது. ஆனால் எல்லாத் தவறுக்கும் மன்னிப்பு இல்லை. தற்காலிகப் பதிவு முடிந்தும் நிரந்தரப் பதிவு செய்யாமல் ஓட்டிய புது வண்டி திருடு போன வழக்கில், 2021இல் நிறுவனத்தின் பக்கம்தான் தீர்ப்பு வந்தது.

மறுப்புக் கடிதம் வந்தவுடன் பேப்பரைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவது நம் பழக்கம். அங்கேதான் நிறுவனம் ஜெயிக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அல்லது நம் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். நாம் கட்டிய பிரீமியம் ஐந்து லட்சத்தைத் தாண்டாத வரை அங்கும் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்றால் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தரச் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. இந்த உரிமையை நாம் எத்தனை முறை பயன்படுத்தியிருக்கிறோம்?

சாதி வன்முறையில் வண்டி எரிக்கப்பட்டாலோ, தூக்கிச் செல்லப்பட்டாலோ இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. தீ, கலவரம், தீய நோக்கத்தோடு செய்யப்பட்ட சேதம் ஆகியவையும் ஓன் டேமேஜ் பகுதியில் அடங்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, தீ வைத்துச் சொத்தைச் சேதப்படுத்துவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 6ஆவது விதி, சம்பவ இடத்தைப் பார்வையிடும் அதிகாரி சொத்து இழப்பையும் விவரமாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, எஃப்.ஐ.ஆரிலும் அந்த அறிக்கையிலும் "வாகனங்கள் சேதம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எந்த வண்டி, எந்த எண், யாருடையது என்று எழுதாத வரை நிவாரணமும் வராது, இன்ஷூரன்ஸும் வராது. உண்மை அறியும் குழுவாகப் போகிற தோழர்கள் முழக்கத்தோடு ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் எழுதுங்கள், படம் எடுங்கள்.

காப்பீடு என்பது முதலாளிகளின் ஏற்பாடு, அதில் நமக்கென்ன என்று நினைப்பவர்கள் அம்பேத்கரிடம் போகட்டும். 1947இல் வெளியான ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அவரது திட்டத்தில், காப்பீடு முழுவதும் அரசின் கையில் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொரு குடிமகனும் ஊதியத்துக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதினார். நிலமும் சேமிப்பும் சொந்தக்காரர்களின் தாங்குதலும் இல்லாத மனிதன் ஒரு இழப்பில் மீண்டும் பண்ணையார் வாசலுக்குப் போய் நிற்பான் என்பதுதான் நம் ஊர்களின் அனுபவம். அவர் கேட்ட பொதுக் காப்பீடு நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கிற இந்தத் தனியார் காலக் காப்பீட்டிலும் நாம் கட்டிய பணத்தை விட்டுக்கொடுக்க எந்தக் கொள்கையும் சொல்லவில்லை.

எனவே இரண்டு வேலைகள். ஒன்று கோரிக்கை. திருட்டுப் புகார்களில் எத்தனை சி.எஸ்.ஆரோடு நின்றன, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின என்று ஒவ்வொரு நிலையத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்திரமும் கிளெய்ம் படிவமும் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு நம் கையில் இருப்பது. உங்கள் பகுதி அம்பேத்கர் மன்றத்திலோ இரவுப் பாடசாலையிலோ மாதத்தில் ஒரு ஞாயிறு உட்காருங்கள். காலனியில் இருக்கும் வண்டிகளின் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓன் டேமேஜ் எந்தத் தேதியில் முடிகிறது, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாருடைய வண்டியாவது போனால் அன்றைக்கே இரண்டு பேர் கூடப் போங்கள். தனியாகப் போகிற அண்ணனிடம் "நாளைக்கு வா" என்று சொல்கிற ரைட்டர், சட்டப்பிரிவு எழுதிய மனுவோடு மூன்று பேர் நின்றால் நாற்காலியைக் காட்டுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.